மழையில் உரியும் முகம்

பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மூதாட்டியின் முகம். காகிதத்தில் அச்சிட்டு மாவுப் பசையால் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். தொடர் மழையில் நெற்றியிலிருந்து ஒரு பட்டை உரிந்து கண்மேல் தொங்குகிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். சுவரின் வெடிப்பு எங்கே முடிகிறது, அவர் கன்னத்துச் சுருக்கம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"இவ்வளவு உழைப்பும் வீணாகிவிட்டதே" என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஹோர்ஹே ரோட்ரிகெஸ் ஹெராடா என்ற கலைஞர் 2002இல் தொடங்கி, அக்கம்பக்கத்துச் சாதாரண மனிதர்களின் முகங்களைச் சுவர்களில் பிரம்மாண்டமாகக் கரியால் வரைந்தார். கரி நிலைக்காது என்று தெரிந்தேதான் வரைந்தார். 2008இல் பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர், ரியோ டி ஜெனிரோவின் குன்றுக் குடியிருப்பு ஒன்றில், அங்கே வாழும் பெண்களின் கண்களையும் முகங்களையும் வீட்டுச் சுவர்களிலேயே ஒட்டினார். ஏறிட்டும் பார்க்காத நகரத்தை அந்தக் கண்கள் மேலிருந்து பார்த்தன.

நம் தெருக்களில் பெரிதாகத் தெரியும் முகங்கள் பெரும்பாலும் எதையாவது விற்கின்றன, அல்லது ஓட்டுக் கேட்கின்றன. இந்த மூதாட்டி எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் தினமும் நின்று பார்க்கிறேன். அவரே ஒருமுறை வந்து பார்த்திருப்பாரா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இன்று காலை, தொங்கிய பட்டையை யாரோ மேலே தூக்கி அழுத்தி ஒட்டப் பார்த்திருக்கிறார்கள். ஈரக் காகிதத்தில் ஐந்து விரல் தடமும் அப்படியே இருக்கிறது.