கடை மேஜைக்கு எந்த ஆட்டம்? கும்பகோணத்தில் நாலு ஞாயிறு

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. முன்னால் கேரம் போர்டு, செஸ், ஷட்டில் மட்டை. பின்கட்டில் ஒரு நீள மேஜை. ஞாயிறு சாயங்காலம் அது சும்மாதான் கிடக்கும். "கதை சொல்லிக்கிட்டே ஆடுற ஆட்டம்னு சொல்லுவியே, இங்க நடத்திப் பாரேன்" என்றார் கடைக்கார அண்ணன். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வாரம் தவறாமல் ரோல்பிளே, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம், ஆடியவன் நான். ஊருக்குத் திரும்பிய பிறகு கூட ஆட ஆள் கிடைக்காமல் ஏங்கிப் போயிருந்தேன். அன்றைக்கே ஒத்துக்கொண்டேன்.

நாலரைக்கு ஆரம்பித்தால் எட்டுக்கு முடித்தாக வேண்டும். வலங்கைமான், பாபநாசம் பக்கம் போகிறவர்கள் அதற்கு மேல் பஸ்ஸைத்தான் நினைப்பார்கள். இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரமும் வருவார் என்று சொல்ல முடியாது. இதற்குள் அடங்குகிற ஆட்டம் எது என்று தேடியதுதான் இந்தக் குறிப்பு.

முதல் ஞாயிறு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்

1974இல் வந்த ஆட்டம், இந்த வகையில் எல்லாருக்கும் முன்னோடி. அதன் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், அதனால் தயங்காமல் அச்செடுத்துக் கொடுக்கலாம். ஆறு பேர் வந்தார்கள். இனம், தொழில், ஆறு திறன் எண்கள், மந்திரக்காரருக்கு மந்திரப் பட்டியல் என்று ஒவ்வொருவருக்கும் கதாபாத்திரம் எழுதி முடிக்கவே ஒன்றே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

பகடையும் பற்றவில்லை. என்னிடம் ஏழு பகடை கொண்ட செட் ஒன்றுதான். நாலு முகப் பகடைக்கு ஆளுக்கு ஆள் கை நீட்டியதும் அண்ணன் அலமாரியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு கட்டைக்கு நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் பக்கம். வெறும் பக்கத்தை நாலு என்று வைத்துக்கொண்டோம். குத்துவாள் பட்ட காயத்துக்குக் கட்டை உருளும் சத்தம் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

ஆனால் ஒரே ஒரு சண்டைதான் முடிந்தது. குகை வாசலைத் தாண்டுவதற்குள் பாபநாசத்துத் தம்பி பையைத் தூக்கிவிட்டான். வாராவாரம் அதே நாலு பேர் கூடுகிற வீட்டுக்கு இது அருமையான ஆட்டம். வழிப்போக்கர் வந்து உட்கார்கிற மேஜைக்கு நான் இதை எடுத்து வந்ததுதான் பிசகு.

இரண்டாம் ஞாயிறு: ஹனி ஹெய்ஸ்ட்

விதி மொத்தமும் ஒரே தாள். மூலத்தில் எல்லாரும் தேன் திருடப் போகும் கரடிகள். நான் குரங்குகளாக்கி, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு அண்டா ஜாங்கிரி வைத்தேன். இரண்டே எண்கள்: குரங்குத்தனம் மூன்று, கள்ளத்தனம் மூன்று. செய்கிற காரியத்துக்கு ஏற்ற எண்ணுக்குள் ஆறு முகப் பகடை விழுந்தால் பலிக்கும். திட்டம் சொதப்பினால் கள்ளத்தனத்தில் ஒன்று குறைந்து குரங்குத்தனத்தில் ஏறும். கச்சிதமாக நடந்தால் மறுபக்கம் ஏறும். எது ஆறைத் தொட்டாலும் அந்தக் குரங்கின் கதை முடிந்தது.

பத்து நிமிஷத்தில் ஆட்டம் சூடு பிடித்தது. "ஒன் கள்ளத்தனம் எத்தனைடா?" என்று மேஜை முழுக்கத் தமிழிலேயே பேச்சு. முதல் வாரம் வாயே திறக்காத பாங்க்காரர் பந்தி மேற்பார்வையாளர் வேட்டியைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார்.

மூன்றாம் ஞாயிறு: கால் ஆஃப் கதுல்ஹு

இது பேய்க்கதை ஆட்டம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நூறுக்கு இத்தனை என்று திறமை. பகடை அதற்குள் விழ வேண்டும். மார்க் வாங்கிப் பழகிய ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. 1920களில் நடக்கும் ஆட்டம் என்பதால் 1924 ஜூலைப் பெருவெள்ளம் வடிந்த பிறகு, கொள்ளிடக் கரையில் ஒதுங்கிய பூட்டிய பெட்டியில் தொடங்கினேன். பாத்திரங்களையும் முன்னரே எழுதி எடுத்துப் போனேன்: தபால்காரர், நாட்டு வைத்தியர், வக்கீல் குமாஸ்தா.

நன்றாகத்தான் போனது. ஆறு மணிக்குக் கரண்ட் வேறு போய்விட, அப்பாவோடு வந்திருந்த எட்டாம் வகுப்புப் பாப்பா நாற்காலியை நகர்த்தி அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். யாருக்கு எது வேண்டாம் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தவறு. இனி பேய்க்கதைக்கு முன்கூட்டியே பலகையில் எழுதிப் போட்டு, வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

நான்காம் ஞாயிறு: த குவயட் இயர்

இதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். இதில் கதையை நடத்திக் கொண்டுபோக ஒரு நடத்துநர் கிடையாது, தனித்தனிப் பாத்திரமும் கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு ஊரின் ஒரு வருஷத்தை வரைபடமாக வரைகிறார்கள். சீட்டுக்கட்டின் 52 சீட்டும் 52 வாரம், ஸ்பேட், ஹார்ட் மாதிரியான நாலு பூவும் நாலு பருவம். கடைசிப் பருவத்தில் ஸ்பேட் ராஜா வந்த நொடியே ஆட்டம் முடியும். மூலத்தில் அது பனிக்காலத்தில் வந்து சேரும் ஒரு கூட்டம். பனிக்கு நம் ஊரில் என்ன வேலை? வருஷத்தைத் தையில் தொடங்கி, கடைசிப் பருவத்தை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வைத்தேன். ஸ்பேட் ராஜா புயல்.

நேரம் பற்றாது என்று ஒவ்வொரு பூவிலும் நாலு சீட்டை உருவிவிட்டேன். அதிகம் போனால் நாலு பேர் ஆடுகிற ஆட்டம். வந்தது ஆறு பேர். அப்பாவும் பாப்பாவும் ஒரு கை, கல்லூரித் தம்பிகள் இருவரும் ஒரு கை. சார்ட் பேப்பரை விரித்ததும் அந்த அப்பா, வலங்கைமான் பக்கத்து விவசாயி, பென்சிலை வாங்கி ஒரு வாய்க்காலை இழுத்துக் காகித ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "நம்ம ஊர் கடைமடை" என்றார். யாரும் மறுக்கவில்லை.

முறை வரும்போது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம், வேலை ஒன்றைத் தொடங்கலாம், அல்லது ஊர்க்கூட்டம் போடலாம். வேலை முடிய எத்தனை வாரமோ அந்த எண்ணில் ஒரு பகடையை வைத்து, வாராவாரம் ஒன்று குறைப்போம். கூட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் பேச வேண்டும். பதிலுக்குப் பதில் கிடையாது, முடிவும் எடுப்பதில்லை. தூர் வாருவதா, கரையை உயர்த்துவதா என்று கூட்டம் கூடியபோது அந்த விவசாயி ஐயாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இது என்னங்க கூட்டம், ஒருத்தன் சொன்னதுக்கு மறுத்துப் பேசக்கூடாதா?" ஆனால் இரண்டாவது கூட்டத்தில் கடைசியாகப் பேசிய மகளை அவரால் இடைமறிக்க முடியவில்லை. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

தன்னைக் கேட்காமல் ஊர் ஒன்றைச் செய்துவிட்டது என்று தோன்றினால் ஒரு வில்லையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வில்லை புளியங்கொட்டை. பாப்பா முன்னால் ஏழரைக்கு மூன்று கொட்டை இருந்தன.

புயல் எந்த வாரம் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் மேஜை அடங்கிப் போகும். 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரியை ஒரு தம்பி தாழ்ந்த குரலில் சொன்னான். அவன் அம்மாவுக்கு ஊர் வேதாரண்யம். கரை வேலைக்கு வைத்த பகடை ஆறிலிருந்து இறங்கி ஒன்றில் நின்றபோது ராஜா விழுந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் கரை முடிந்திருக்கும்.

ஐயா பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், "ஒவ்வொரு கொட்டையும் எதுக்கு வெச்ச?" என்று கேட்டார். ஆட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. எட்டு மணி பஸ் போய்விட்டது. அவள் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

வரைபடம் இப்போது கேரம் போர்டுகளுக்கு மேலே சுவரில் தொங்குகிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு இதற்கு, மற்ற ஞாயிறுகள் குரங்குகளுக்கு என்று பலகையில் எழுதிவிட்டோம். டிராகன் ஆட்டத்தை நாலு பேர் சனிக்கிழமைக்குக் கேட்டிருக்கிறார்கள், நிலையாக வருவதாகச் சொல்கிறார்கள். அதற்காக அண்ணன் இன்னும் இரண்டு ஜோடித் தாயக்கட்டை வாங்கி வைத்திருக்கிறார்.