உத்திரத்துக்குள் ஒரு உலவு

கும்பகோணம் பக்கம் இன்று ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். உத்திரத்தில் ஒன்றை மட்டும் நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை.

ஆச்சா மரம்.

வெட்டுவாய் கருஞ்சிவப்பு. தண்ணீர் கன அடிக்கு 28 கிலோ சொச்சம். நன்றாக உலர்ந்த ஆச்சா அதையும் தாண்டும். ஆற்றில் போட்டால் மூழ்கிவிடும்.

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்தின் உலவு, அதாவது துளைகள் உள்ள நீண்ட குழல், கடைவது இந்த மரத்தில்தான். அதற்குப் புது மரம் ஆகாது. உள்ளே ஈரம் மிச்சமிருந்தால், துளை போட்ட பிறகு மரம் சுருங்கும், வெடிப்பு விடும், துளை கோணும். சுருதி போய்விடும். பல பத்தாண்டுகள் கூரையடியில் காய்ந்த உத்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. (குழலின் அடியில் புனல்போல விரியும் அணசுக்கு வாகை போதும்.)

கடைசலுக்கு முன் ஆணியைத் தேடிப் பிடுங்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் உளி முனை போச்சு. ஆணி ஓட்டையும் வெடிப்பும் உள்ள பகுதியைக் கழித்து, ரேகை நேராக ஓடும் துண்டை மட்டும் எடுப்பார்கள்.

2022-ல் புவிசார் குறியீடு கிடைத்த வாத்தியம் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம். வீடு பிரிப்பவர்களே, ஆச்சா உத்திரத்தை விறகுக்குப் போடாதீர்கள். துண்டு போடாமல் முழு நீளமாகப் பட்டறைக்குக் கொடுங்கள்.