கோணமலையைத் தூரத்தில் நின்று பார்த்த காலை

திருகோணமலையில் யாரிடமாவது ‘மலைக்குப் போனேன்’ என்று சொன்னால், கோணேசர் கோயிலுக்குப் போனதாகத்தான் நினைப்பார்கள். பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, குறுக்கே நிற்கும் மான்களுக்கு வழிவிட்டு ஓட்டினால் மோட்டார் சைக்கிளே கோயிலடிவரை போய்விடும். மலையேற்றம் என்றால் எனக்கும் அவ்வளவுதான், போன ஆனி மாதம் மச்சான் கன்னியாவுக்கு உட்பக்கமாக ஒரு காட்டு மலைக்கு இழுத்துக்கொண்டு போகும்வரை.

மலைக்குத் தனிப்பெயர் இல்லை. வழிகாட்ட வந்த ஐயா ‘எங்கட மலை’ என்றார். இளவயதில் விறகுக்கும் தேனுக்கும் ஏறி இறங்கியவர். எழுபதை நெருங்கும் மனிதர், காலில் றப்பர் செருப்பு. நானோ முதல்நாள் டவுனில் வாங்கிய புதுச் சப்பாத்தோடு நின்றேன்.

கச்சான் காற்று பத்து மணிக்கே காய்ச்சத் தொடங்கிவிடும் என்பதால் வெள்ளாப்பில் கிளம்பினோம். அடிவாரத்தில் யானை லத்தி. ஐயா குனிந்து பார்த்துவிட்டு, “இது நேற்றையது” என்றார். அதில் எனக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

பாதை என்று ஒன்று இருந்தது, ஆனால் அது வளைந்து ஏறவில்லை. மலையின் முதுகெலும்பு மேலேயே நேராக வானத்துக்குப் போனது. சரளைக்கல், அதன்மேல் காய்ந்த பாலை இலை. தடித்த இலை, மிதித்தால் வழுக்கும். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே வந்தேன். போதாததற்குச் சூரை முள். கொக்கிபோல வளைந்த அந்த முள் சட்டையைப் பிடித்ததும் நான் முன்னுக்கு இழுத்தேன், கை நீளத்துக்குக் கிழிந்தது. “இழுக்காதேங்கோ தம்பி. பின்னுக்கு ஒரு அடி வாங்கோ, அது தானா விடும்” என்றார் ஐயா. பின்வாங்கினேன், விட்டது.

பாதிவழியில் பாலைப்பழம். மஞ்சளாக, விரல் நுனியளவு. பசிக்கு அள்ளி அள்ளித் தின்றதில் பால் ஒட்டி உதடு இரண்டும் பசை போட்டதுபோல ஆகிவிட்டது. மச்சான் அதுவரை பேசிக்கொண்டே வந்தவன். அப்புறம் கொஞ்ச நேரம் காடு அமைதியாக இருந்தது.

கடைசி ஏற்றத்தில் வலது சப்பாத்தின் அடி வாயைப் பிளந்தது. ஒரு கொடியால் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஏறினேன்.

உச்சி ஒரு கரும்பாறை. மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது சூரியன் கடலை விட்டு ஒரு சாண் மேலே வந்திருந்தது. அதன் கீழே கடலுக்குள் நீட்டிய கட்டைவிரல்போல ஒரு கறுப்பு. மச்சான் சொல்லித்தான் புரிந்தது, அது கோணேசர் கோயில் நிற்கும் கோணமலை. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு, கோபுரம், தேங்காய்க் கடைகள், வெள்ளிக்கிழமைச் சனம், எல்லாம் அந்த விரல் நுனிக்குள்ளே. ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் இராமேஸ்வரத்தில் நின்றபடியே இந்தத் தலத்தைப் பாடினார் என்பார்கள். அவர் பார்க்காமலே பாடினார். நான் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருந்தும் அது இவ்வளவு சின்னது என்று அறியாமல் இருந்திருக்கிறேன்.

சீனக்குடாப் பக்கம் கைநீட்டி ஐயா எண்ணெய்க் குதங்களை, அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியவை, 99 என்று கணக்குச் சொல்வார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் ஒரு குதத்திலேயே மோதி எரிந்தது. நாள்கணக்கில் புகைந்ததாம், அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார்.

மச்சான் பையிலிருந்து வறுத்த கச்சான் எடுத்தான். கச்சானில் உட்கார்ந்து கச்சான் தின்றோம். வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம்: எங்கள் ஊரில் காற்றுக்கும் அதே பெயர், நிலக்கடலைக்கும் அதே பெயர்.

இறக்கம்தான் முழங்காலைத் தின்றது. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

நேரே கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து மிதமானதைத் தேடிக்கொண்டிருக்க, ஐயா ஆகச் சூடான கிணற்றில் வாளியை விட்டுத் தலையில் ஊற்றிக்கொண்டார். வழிந்த தண்ணீர் ஓரத்தில் கழற்றி வைத்திருந்த என் சப்பாத்தை நனைத்தது. திரும்பி வந்து எடுத்தபோது இடது சப்பாத்தின் அடியும் தனியாகக் கையில் வந்தது.