புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் படம் வரவில்லை: கோத்தகிரியில் ஓர் இரவு

தை மாதம் வந்துவிட்டால் கல்யாண வீடியோ எடிட்டிங்கில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கோத்தகிரியில் வீட்டு மாடியறையில்தான் வேலை. 4கே காட்சிகள் திக்கித் திக்கி ஓடியதால், கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் கார்டு வாங்கி, மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். அன்று இரவே மாட்டினேன். ஃபேன்கள் சுற்றுகின்றன, கீபோர்டு விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. இரண்டு நாளில் ஒரு குடும்பத்துக்கு வீடியோ கொடுத்தாக வேண்டும். வயிற்றைப் பிசைந்தது.

முதலில் கேபிள். பழக்கத்தில் மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளை, எல்லா பாகங்களும் மாட்டப்படும் பெரிய பலகையான மதர்போர்டிலேயே சொருகியிருந்தேன். கார்டு போட்டபின் பெரும்பாலான போர்டுகள் கார்டு வழியாகத்தான் படத்தை அனுப்பும். மாற்றிச் சொருகினேன். அப்போதும் இருட்டுதான்.

அடுத்து மின்சாரம். இந்தக் கார்டுக்கு 170 வாட் வேண்டும். மதர்போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட் வழியாக 75 வாட்தான் கிடைக்கும், மீதி தனி கேபிளில் வர வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு வகை 8 பின் கேபிள் வரும். 4+4 என்று பிரிவது பிராசஸருக்கு, 6+2 என்று பிரிவது கார்டுக்கு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் பலம் போட்டு அழுத்தாதீர்கள், கார்டே போய்விடும். டார்ச் அடித்துப் பார்த்தேன், நான் மாட்டியது சரியாகவே இருந்தது.

சரி, பழையபடி மதர்போர்டிலேயே பார்ப்போம் என்று கார்டைக் கழற்றினேன். பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸர்களில் படம் காட்டும் வசதி இருக்காது. என்னுடையது அப்படி இல்லை, அதனால் அதிலேயே டிஸ்ப்ளே உண்டு. அதிலும் படம் வரவில்லை. மாலைவரை ஓடிய கணினி! அப்போதுதான் உண்மையிலேயே பயந்தேன். கடைத் தம்பிக்கு போன் போட்டேன். அந்த நேரத்திலும் எடுத்தார்.

"அண்ணா, போர்டு ஓரத்துல குட்டி குட்டியா நாலு லைட் இருக்கும். எது எரியுதுன்னு பாருங்க."

'டி-ரேம்' விளக்கு எரிந்தது, அதாவது கணினியின் தற்காலிக நினைவகமான ரேமுக்கான விளக்கு.

"அப்ப ரேம்தாண்ணா. கழட்டி ரப்பர் போட்டுத் துடைச்சு மாட்டுங்க."

இந்த மாதத்து இரவில் கம்பளி ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. ஆனால் உறைபனிக் காலத்துக் காற்று வறண்டது. ஸ்வெட்டரைக் கழற்றும்போதே சடசடவென்று பொறி கேட்கும். அந்த நிலைமின்சாரம் ரேமுக்கு ஆகாது. நடுங்கினாலும் பரவாயில்லை என்று கழற்றி வைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை எடுத்தேன். தங்க நிறப் பட்டைகள் மங்கிப்போய், மேலே ஒரு படலம். மாதக்கணக்கில் மூடுபனி அறைக்குள் வரும் ஊர் இது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. துகளைப் பிரஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். படம் வந்துவிட்டது! கார்டை அழுத்தி மாட்டும்போது போர்டு வளைந்து ரேம் அசைந்திருக்க வேண்டும்.

அப்புறம் மறுபடியும் கார்டு. இப்போது கிராபிக்ஸ் கார்டுக்கான 'விஜிஏ' விளக்கு எரிந்தது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதானோ என்று நினைத்துக்கொண்டே திருகைத் தளர்த்தினேன். கார்டு நூலளவு கீழே இறங்கியது! இறுக்கினால் உள்பக்க முனை திரும்ப எழும்புகிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஸ்லாட்டுக்கு மேலே தங்கப் பட்டை கீற்றாகத் தெரிகிறது. கார்டின் இரும்புத் தகட்டுக்குக் கீழே உள்ள நாக்கு, கேபினட் இடுக்கில் இறங்காமல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றதுதான் காரணம். குறட்டால் கேபினட் விளிம்பைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். கார்டு நேராக இறங்கி, ஸ்லாட்டின் கொக்கி தானாகவே பூட்டிக்கொண்டது. திருகை இறுக்கியும் அசையவில்லை.

பவர் பட்டனை அழுத்தினேன். சில நொடிகளில் போர்டு லோகோ வந்தது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கிப் போட்டு முடிக்கும்போது மணி நான்கு. காலையில் கடைத் தம்பியே கூப்பிட்டார்.

"என்னண்ணா, வந்துச்சா?"

"வந்துடுச்சு தம்பி, ரெண்டர் ஓடிட்டிருக்கு" என்றேன்.