பத்து நிமிஷம் மேடம்

"பத்து நிமிஷம் மேடம்" என்றுதான் அவன் கேட்டான். நானும் சரியென்று தலையசைத்துவிட்டேன்.

செமஸ்டர் தேர்வு, மணி பதினொன்றேகால். விடைத்தாளிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கியிருந்தான். தகைவைக் கணக்கிட வரையும் மோர் வட்டம் (Mohr's circle) முழுசாக இருந்தது. அதற்குக் கீழே எழுத ஆரம்பித்த வரி மட்டும் சரிந்து, கடைசி எழுத்து நீலக் கோடாக இழுபட்டுத் தாளின் ஓரம்வரை போயிருந்தது.

அப்புறம் இரண்டு பேர் கிராஃப் தாள் கேட்டார்கள். வருகைத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அடுத்து நான் கடிகாரத்தைப் பார்த்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். நாற்பது நிமிஷம் போயிருந்தது.

அந்த அறையில் 25 பேர். காப்பி அடிக்காமல் பார்ப்பதுதான் என் வேலை, யாரையும் எழுப்புவது இல்லை. விடிய விடிய படித்துவிட்டு வந்தவனை எழுப்பி உட்காரவைத்திருந்தால் மட்டும் என்ன எழுதியிருப்பான்? இப்படி எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. ஆனால் இருபது நிமிஷக் குட்டித் தூக்கம் மூளையைத் தெளியவைக்கும். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் வந்துவிடும், நடுவில் எழுப்பினால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் பிடிபடாது. அவன் கேட்ட பத்து நிமிஷம் சரியான கணக்கு. நான் கொடுத்த நாற்பதுதான் தப்பு. எழுப்பியபிறகு கேள்வித்தாளையே வெகுநேரம் வெறித்துக்கொண்டிருந்தான். 13 மார்க் கேள்விகள் ஐந்தில் இரண்டுதான் முடித்திருந்தான்.

"அஞ்சு யூனிட்டும் படிச்சேன் மேடம், எதுவும் ஞாபகம் வரலை" என்றான். வராதுதான். பகலில் படித்ததை மூளை பதியவைப்பதே தூக்கத்தில். அந்தத் தூக்கத்தை விற்றுத்தான் ஐந்து யூனிட் வாங்கியிருக்கிறான்.

இதையெல்லாம் வகுப்பில் நான் சொல்வதுண்டு. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வையும் சொல்வேன்: இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கினால், ஒன்றிரண்டு இரவு முழுக்க விழித்தவர் அளவுக்குக் கவனம் சிதறுமாம், அது அவர்களுக்கே தெரியாதாம். சொல்லிவிட்டு, மாடல் தேர்வு வாரத்திலேயே ரெக்கார்டு நோட்டையும் முடித்துத் தரச் சொல்வதும் நான்தான். அவன் என் மாணவன் இல்லை. அதனால் என்ன, வேறொரு அறையில் என் மாணவன் ஒருவன் தூங்கியிருப்பான்.

மணியடித்ததும் தாளை வாங்கினேன். "தேங்க்ஸ் மேடம், தூங்க விட்டதுக்கு" என்றான். கன்னத்தில் நீல மை ஒட்டியிருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.