"இனிமே உங்களைக் கேக்க மாட்டேன்ணா"

"இனிமே உங்களைக் கேக்க மாட்டேன்ணா, நானே பாத்துக்குவேன்." டெமோ முடிந்த அன்று மதியம், எங்கள் டீமில் புதிதாய் இருந்த பெண் சொன்னது. நன்றியில் சொன்னாளா, வருத்தத்தில் சொன்னாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் விடை இல்லை.

பிரச்சினை நம்மில் எல்லோரும் பார்த்ததுதான். எக்ஸாம்ப் என்பது வெப்சைட்டைச் சோதித்துப் பார்க்க நம் கம்ப்யூட்டரிலேயே சர்வர் ஓட்டும் தொகுப்பு. அதன் கண்ட்ரோல் பேனலில் வெப் சர்வரான அப்பாச்சி பச்சைக்கு வருகிறது, டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் எழுந்த வேகத்தில் விழுந்துவிடுகிறது. 'மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று சிவப்பில் ஒரு வரி. போர்ட் அடைபட்டிருக்கலாம், அனுமதி இல்லாமல் இருக்கலாம், க்ராஷ் ஆகியிருக்கலாம் என்று அதுவே காரணங்களை அடுக்கும். அவளுடையது பேட்டரி போன லேப்டாப். வீட்டில் கரண்ட் போனபோது அப்படியே அணைந்திருக்கிறது. மறுநாள் காலை கிளையன்ட் டெமோ. அதற்காக ஏற்றி வைத்த டேட்டா முழுக்க அவள் லோக்கலில் மட்டும்தான்.

"அண்ணா, எனிடெஸ்க் ஐடி அனுப்பறேன். ரெண்டு நிமிஷம் நீங்களே பாத்துக் குடுத்துடுங்களேன்." எனிடெஸ்க் இருந்தால் அவள் லேப்டாப்பை நான் என் இடத்திலிருந்தே இயக்கலாம்.

"லாக்ல என்ன போட்டிருக்குன்னு மொதல்ல படிச்சுப் பாரும்மா. எதையும் டெலீட் மட்டும் பண்ணிடாத. பேரை மாத்தி வை, போதும்."

"லாக்கைப் படிச்சா எனக்கு என்னண்ணா புரியும்?"

"படி, புரியும்."

திரும்பத் திரும்ப நான் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். புரியும் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. சர்வர் தன் பிழைகளை எழுதி வைக்கும் அந்த எரர் லாகின் கடைசி வரிகளில் நோயும் இருந்தது, மருந்தும் இருந்தது: ஆரியா ரெகவரி தோற்றுவிட்டது, ஆரியா_செக் ஓட்டி டேபிள்களைச் சரிசெய், ஆரியா_லாக் ஃபைல்களை நீக்கு. இதைவிடத் தெளிவாக ஒரு மென்பொருள் பேசிவிட முடியாது.

ஆனால் யாருக்குத் தெளிவு? எக்ஸாம்ப்புக்குள் 2015 முதல் இருப்பது மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி. பேனலில் மட்டும் மைஎஸ்க்யூஎல் என்ற பழைய பெயர். டேட்டாவை டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் மரியாடிபியின் ஸ்டோரேஜ் எஞ்சின்களில் ஒன்று ஆரியா, சிஸ்டம் டேபிள்கள் பலவற்றை அதுதான் வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் மைஎஸ்க்யூஎல் மட்டுமே கேள்விப்பட்டு வந்த பெண்ணுக்கு அந்தப் பெயரே புதிது. மறுநாள் டெமோ என்ற பதற்றத்தில் இருப்பவளுக்கு லாக் முழுக்க வெறும் எழுத்துக் கூட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

அவள் இணையத்தில் தேடி, எல்லோரும் சொல்கிற வைத்தியத்தைச் செய்தாள். டேட்டா ஃபோல்டரின் பேரை மாற்றிவிட்டு, எக்ஸாம்ப்போடு வரும் பேக்கப் ஃபோல்டரை டேட்டா என்று காப்பி செய்து, தன் டேட்டாபேஸ் ஃபோல்டரை மட்டும் அதற்குள் கொண்டுவந்து போட்டாள். மைஎஸ்க்யூஎல் எழுந்துவிட்டது. டேபிள் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் திறந்தால் எரர் 1932, 'டேபிள் டஸின்ட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்'. பழைய ஃபோல்டரிலிருந்து ஐபிடேட்டா1 வராமல் போனதுதான் காரணம். அவள் டேபிள்களை வைத்திருந்த இன்னொரு எஞ்சினான இன்னோடிபியின் மொத்தக் கணக்கேடும் அந்த ஒரு ஃபைலில் இருக்கிறது. அது இல்லையென்றால் டேபிள் ஃபைல்கள் கண்ணெதிரே கிடந்தும் யாருடையவை என்று சர்வருக்குத் தெரியாது.

டேட்டா போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். அந்த ராத்திரி அவள் என்னைக் கூப்பிடவில்லை. பழைய ஃபோல்டரையே திருப்பி வைத்து, லாகை மறுபடி திறந்து, அது சொன்னபடியே செய்து முடித்தபோது விடியப் போகிற நேரமாம். டெமோ நன்றாகவே நடந்தது.

பேரை மாத்தி வை என்று நான் சொன்னதால்தான் டேட்டா தப்பியது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையும்கூட. ஆனால் நான் உள்ளே போயிருந்தால் அவள் தூங்கியிருப்பாள். அதுவும் உண்மை.

நான் புதிதாய் இருந்தபோது நடந்தது வேறு மாதிரி. 2017 டிசம்பரில் குரோம் 63 வந்ததும், டாட் டெவ் என்று முடியும்படி பெயர் வைத்திருந்த என் லோக்கல் சைட்டுகளெல்லாம் பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தள்ளப்பட்டு நின்றுபோயின. பக்கத்து சீட் அண்ணன் என் கீபோர்டை வாங்கி, சைட் பெயர்கள் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் விர்ச்சுவல் ஹோஸ்ட்டிலும் டாட் டெஸ்ட் என்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டாட் டெவ் கூகுளுக்குச் சொந்தமான நிஜ டொமைன் என்பதும், டாட் டெஸ்ட் சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்டது என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தன. அன்று நான் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நேரத்தோடு வீட்டுக்குப் போனேன். அவர்மேல் இன்றும் தனிப் பிரியம் உண்டு.

இப்போது எங்கள் டீமில், ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் வந்துவிட்டது. இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம். போன மாதம் சேர்ந்த பையன் டேட்டாபேஸ் இருக்கும் இடத்தைக் குறிக்கும் டிபி ஹோஸ்ட்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்துவிட்டு, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கன்டெய்னருக்குள்ளிருந்து பார்த்தால் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரேதான், கன்டெய்னர்களைப் பட்டியலிடும் கம்போஸ் ஃபைலில் இருக்கும் சர்வீஸ் பெயரைத்தான் தர வேண்டும். அவன் அவளிடம் போனான். அவள் கீபோர்டை வாங்கி மாற்றிக் கொடுத்தாள். ஏன் என்றும் சொல்லவில்லை, லாகைப் படி என்றும் சொல்லவில்லை. நான் கற்றுக்கொடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தது அவளிடம் தங்கவே இல்லையா, அல்லது தனக்கு நடந்தது இன்னொருவனுக்கு நடக்க வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாளா? கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வாள் என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

செட்டப் வேலை எந்த எஸ்டிமேட்டிலும் வருவதில்லை. அதனால்தான் அது யாரோ ஒருவருடைய தூக்கத்திலிருந்து போகிறது. புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் இதற்கென்று மணிநேரம் ஒதுக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.