கொலஸ்ட்ராலுக்கு ப்ரோபயாடிக்: டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

ப்ரோபயாடிக் என்றால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமிகள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று விற்கும் டப்பாவின் முன்பக்கத்தில் இதயம் வரைந்திருப்பதை விடுங்கள். பின்பக்கத்தில் 'லாக்டோபேசிலஸ் ரியூட்டரி' என்ற பெயருக்கு அடுத்து 'என்சிஐஎம்பி 30242' என்று இருக்கிறதா பாருங்கள். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) குறைகிறதா என்று மனிதர்களிடம் முறையாகச் சோதித்த ரகங்களில் முக்கியமானது இது. அதே ரியூட்டரியில் வேறொரு ரகம் கைக்குழந்தைகளின் வயிற்று வலிக்கு விற்கிறது. பெயர் ஒன்றுதான், வேலை வேறு. ரக எண் போடாத டப்பாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

30242 ரகம் குடலில் பித்த உப்புகளை (கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் அனுப்புபவை) உடைக்கிறது. உடைந்தவை திரும்ப உறிஞ்சப்படுவது குறைந்து, மலத்தோடு போய்விடுகின்றன. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்தம் சுரக்க வேண்டும், அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால்தான். அதனால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைகிறது.

2012-இல் வெளியான ஆய்வில் 127 பேர், 9 வாரம். தினம் இரண்டு வேளை, வேளைக்கு 290 கோடி உயிருள்ள கிருமிகள். வெற்று கேப்சூல் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல் சுமார் 11.6 சதவீதம் குறைந்தது. ட்ரைகிளிசரைடும் (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) எச்டிஎல்லும் (நல்ல கொலஸ்ட்ரால்) அசையவில்லை. ட்ரைகிளிசரைடுதான் உங்கள் பிரச்சினை என்றால் இதை வாங்க வேண்டாம்.

லேபிளில் '3 பில்லியன்' என்றால் 300 கோடி. அந்தக் கணக்கு தயாரித்த அன்றைக்கா, காலாவதி தேதி வரைக்குமா என்று பாருங்கள். வெயிலில் கிடந்த டப்பாவில் பாதிக்கு மேல் செத்திருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் இரண்டுக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் 150 (மி.கி./டெ.லி.) இருந்தால் 133 அளவுக்கு வரும், அவ்வளவுதான். 190-ஐத் தாண்டியவர்களுக்கும் மாரடைப்பு வந்தவர்களுக்கும் இது போதவே போதாது. டாக்டர் கொடுத்த ஸ்டாடினை (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது ஆபத்து. சில கலவைகளில் சிவப்பு ஈஸ்ட் அரிசியும் சேர்க்கிறார்கள். அதிலுள்ள மோனகோலின் கே என்ற பொருள், லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மருந்தேதான். ஏற்கெனவே ஸ்டாடின் எடுப்பவருக்கு அது இரட்டை டோஸாகி, தசை வலியில் கொண்டுபோய் விடலாம். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த ப்ரோபயாடிக்கையும் தொடக்கூடாது.

தொடங்கும் முன் ஒரு லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை), 9 முதல் 12 வாரம் கழித்து அதே லேபில் இன்னொன்று. எதுவும் செய்யாமலே எல்டிஎல் ஒரு முறைக்கு ஒரு முறை 8, 10 சதவீதம் மாறும். அதனால் முடிந்தால் முன்னும் பின்னும் இரண்டிரண்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். நடுவில் சாப்பாட்டை மாற்றினால் எது குறைத்தது என்றே தெரியாது. சராசரி இறங்கவில்லையா, அடுத்த டப்பா வாங்காதீர்கள்.